தொட்டால் விழும் குறி

உக்காருங்க்கா. இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன், நீங்க காலை நீட்டிக்குங்க. கோபிங்களா? நானும் கோபிதானுங்க, நல்லதாப் போச்சு. பையில ஒண்ணுமில்லீங்க, ஒரு தாம்பாளம், வெத்தலை பாக்கு, பழம், அண்ணனுக்கு வேட்டி துண்டு, அண்ணிக்கு ஒரு சீலை. அழைக்கப் போறேன். என்ற மகளுக்குக் காதுகுத்து. எப்பங்களா? முடிஞ்சு போச்சுங்க்கா. ஆவணியிலயே முடிஞ்சு போச்சு. ஐப்பசியும் பொறந்துருச்சு, இப்பத்தான் தாய்மாமனை அழைக்கத் தாம்பாளத்தைத் தூக்கிட்டுப் போறேன்.

சிரிங்க, பரவாயில்லை. நீங்க சிரிக்கலை, வாயில கைய வெச்சுட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் வெச்சாங்க. அன்னிக்குக் கோயில்ல எங்க சொந்தத்துல இருக்கற அத்தனை பொம்பளைகளும் அப்படித்தான் வெச்சாங்க. அதைப் பாத்ததுல இருந்து எனக்குத் தலையத் தூக்கி நாலு பேரைப் பாக்க முடியலீங்க்கா. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன்.

எம்பேரு மங்கையர்க்கரசிங்க. இந்தா, நீங்க ஏறுனதுக்கு முந்தின ஸ்டாப்பு, சரவணம்பட்டி, அங்கதான் கம்பெனி. கம்ப்யூட்டர்தான். ஆனா உங்க அக்கா மகன் பாக்கறான்னு இப்பச் சொன்னீங்களே, அந்த மாதிரி வேலை இல்லை. எங்க வேலையச் சொன்னா பந்தியில பக்கத்துல உக்காந்தவங்க பாதி எலையில எந்திரிச்சுருவாங்க. ஆனா அது தெரியாட்டி நான் பண்ணது உங்களுக்குப் புரியாது. புரியாட்டி என்னைக் கொடுமைக்காரின்னு நெனைச்சுக்குவீங்க. சித்த கேட்டுக்குங்க, அன்னூரு வர்றதுக்குள்ள முடிச்சுருவேன்.

காந்திபுரத்துல லாட்ஜ் இருக்குதல்லங்க, அந்த மாதிரி ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதுக்குள்ள நாங்க பல கம்ப்யூட்டரக் குடி வெப்போம். நெசமான கம்ப்யூட்டர் இல்லீங்க, வெறும் வேசம், மிஷின்னு சொல்லிக்குவோம். ஆனா ஒவ்வொண்ணும் இந்த லாட்ஜே எனக்கு மட்டுந்தான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கும். பக்கத்துல இன்னொருத்தன் இருக்கறதே தெரியாது. தெரியாமப் பாத்துக்கற மேனேஜருக்குப் பேரு ஹைப்பர்வைசருங்க. அதை எழுதற கூட்டத்துல நானும் ஒருத்தி.

மெமரியப் பூராவும் ஒரே அளவு ரூமாத் தடுத்து வெச்சிருப்போம். பேஜ்னு சொல்லுவோம். ஒவ்வொரு பேஜுக்கும் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவுல கடைசியா நாலஞ்சு குறி இருக்கும், பிட்டுன்னு பேரு. ஒண்ணு, இல்லாட்டி சைபர், அவ்வளவுதான். பேஜ் இருக்குதா, இல்லியா. எழுத விடலாமா, கூடாதா. தொட்டாங்களா, இல்லியா. தொட்டு மாத்துனாங்களா, இல்லியா. ஆமாங்க்கா, சிட்டா அடங்கல் மாதிரிதான். கல்யாணத்துக்கு முந்தி இருந்தே என்ற பொழப்பு இந்தத் தொட்ட குறியோடதான்.

பேஜைத் தொட்டா அந்தக் குறி தன்னால விழும். நாங்க போட வேண்டியதில்லை, கம்ப்யூட்டருக்கு மூளையா இருக்கற பிராசசரே போட்டுரும். ஆனா விழுந்த குறி விழுந்தபடியே கெடக்கும். இப்பத் தொட்டதா, எப்பவோ தொட்டதான்னு தெரியாது. அதனால நாங்க என்ன பண்ணுவோம்னா, அதை அழிச்சுப் போடுவோம். அழிச்சுட்டு ஒதுங்கி நிப்போம். கொஞ்சம் பொறுத்து வந்து பாக்கறப்ப குறி மறுபடி விழுந்திருந்தா, அது ஆள் பொழங்கற எடம். விழாட்டி, ஆருக்கும் வேண்டாத எடம். அதை உருவி, எடம் பத்தாமத் திண்டாடற இன்னொரு மிஷினுக்குக் குடுத்துருவோம். ஆரையும் வாயத் தொறந்து கேக்க வேண்டியதில்லை. கேட்டா எல்லாமே எனக்கு வேணும்னுதான் சொல்லும். அழிச்சுட்டுப் பாத்தாத்தான் உள்ளது தெரியும்.

எனக்கு இது ரொம்பப் புடிக்குங்க்கா. இத்தனை வேலையிலயும் இது ஒண்ணுதான் ஏமாத்தாத வேலைன்னு நெனைச்சுக்குவேன்.

செரி, அண்ணனைப் பத்திச் சொல்றேன். பேரு குழந்தைவேலு. கோபியில மோட்டார் ரீவைண்டிங் கடை. கிட்டப் போனா வார்னிஷ் வாசம்தான் அடிக்கும். அம்மா அப்பா போனதுக்கப்புறம் எனக்குப் பொறந்த ஊடுன்னா அவருதான். என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க, அம்மிணிதான். கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னாடியும் அம்மிணி அம்மிணின்னு பின்னாலயே வந்தாரு, எனக்குக் கூச்சமாப் போச்சு.

சித்திரையில ஒரு நாளு, ஆபீஸ் பஸ்ஸு லேட்டு, சும்மா நிக்கறேன். போன்ல பழைய காலெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்தேன். அண்ணன் பேர்ல இருக்கறது பூராவும் நான் அடிச்சது. அவரு அடிச்சது தேடித் தேடிப் பாத்தாலும் ஒண்ணு இல்லை. நானு கூப்புட்டா அம்மிணி அம்மிணின்னு உருகறாரு, செரி. கூப்புடாட்டி? அப்பப் புடிச்சது இந்தக் கிறுக்கு. கிறுக்குன்னு சொல்லக் கூடாதுங்க, மொறையாத்தான் பண்ணேன். நானாக் கூப்புடறதை நிறுத்திப் போட்டேன். குறிய அழிச்சுட்டு ஒதுங்கி நின்னேன்.

வைகாசி போச்சு. ஆனி போச்சு. ஒரு கால் இல்லீங்க்கா. புது புரோகிராமு ரிலீஸ் பண்ற நேரம், ஆபீஸ்ல உசுரு போகுது, ஊட்டுக்கு வந்தா தலைவலி. இதுக்கு நடுவுலயும் போனைப் பாத்துட்டே இருப்பேன். ஆபீஸ்லயும் ஒரே தரம் பாத்துட்டு எடுத்துர மாட்டோங்க, திரும்பத் திரும்பப் பாத்துத்தான் எடுப்போம். அதே மாதிரி இவருக்கும் தவணை குடுத்தேன். புள்ளை பொறந்தநாளு வந்துச்சு, அன்னிக்காச்சும் அடிப்பாருன்னு பாத்தேன். அடிக்கலை.

அப்பறம் காதுகுத்துக்கு நாள் குறிச்சாச்சு. எங்க வீட்டுக்காரரு, சிவப்பிரகாசம்னு பேரு, ‘மொதல்ல மச்சானைப் போயி அழைச்சுட்டு வந்துரு’ன்னாரு. தெரியுமுங்க்கா, தாய்மாமனுக்குத்தான் மொதல் அழைப்பு, தாம்பாளத்தோட நேர்லதான் போகோணும், இது தெரியாமயா கோபியில பொறந்தேன். போகலை. பத்திரிகையப் போன்ல அனுப்பிச்சேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பாத்துட்டாரு. ‘ஏன் அம்மிணி, அண்ணனுக்குப் போன்லயா பத்திரிகை’ன்னு ஒரு வார்த்தை திட்டட்டும், அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஓடியிருப்பேன். திட்டலை. அவ்வளவுதான், இது பொழங்காத எடம்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரரு கேட்டப்ப, சொல்லியாச்சுன்னு சொன்னேன். அதுல பொய் இல்லியே, பத்திரிகை போச்சல்லங்க.

திருப்பூர்ல பெரியப்பா மகன் ஒருத்தரு இருக்காரு, ரத்தினசாமி. அவருக்கும் மாமன் மொறைதானுங்க. நீங்கதான் புள்ளைய மடியில வெச்சுக்கோணும்னு கேட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியலை, ‘குழந்தைவேலு இருக்கறானே அம்மிணி’ன்னாரு. அவருக்கு வேலைன்னு சொல்லிட்டேன். எடத்தை உருவி வேற ஆளுக்குக் குடுத்தாச்சு.

புளியம்பட்டியா வந்துருச்சு? நீங்க வேணும்னா கண்ணசருங்க. வேண்டாமுங்களா. செரி.

காங்கேயத்துக்கு அந்தப்பக்கம் எங்க வீட்டுக்காரரு கொலசாமி கோயிலு. மொட்டை அடிச்சாச்சு, சந்தனம் பூசியாச்சு. ரத்தினசாமி அண்ணன் பாயில உக்காந்து புள்ளைய மடியில வெச்சிருக்காரு. புள்ளை பேரு மிதுளா, அஞ்சு வயசு, தெரியாத ஆளு மடியில வெறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. காது குத்தற பத்தரு கம்பிய எடுத்துட்டாரு. வெளிய மேளச் சத்தம் கேட்டுச்சு. நாம மேளம் சொல்லலையேன்னு திரும்பிப் பாக்கறேன்.

என்ற அண்ணன் வர்றாரு. புது வேட்டி கட்டிட்டு முன்னால வர்றாரு, அண்ணி கையில சீர்த்தட்டு, பின்னால எங்க ஊர்ச் சனம் ஒரு வேன் நெறைய. தட்டுல பட்டுப் பாவாடை, தோடு, மாலை. அழைக்காத எடத்துக்கு மேளத்தோட சீரு கொண்டுட்டு வர்றாருங்க்கா. இந்தக் கோயில் வாசல்ல பூமி பொளந்து நம்மள முழுங்காதான்னு இருந்துச்சு.

அவரு பாயப் பாத்தாரு. ரத்தினசாமி அண்ணனைப் பாத்தாரு. என்னை ஒரு தரம் பாத்தாரு. அதுக்குள்ள இந்தப் புள்ளை, ‘ஷாக்கு மாமோய்’னு கத்திக்கிட்டு மடியில இருந்து எறங்கி ஓடுது. அவரு காலக் கட்டிக்குது. ஷாக்கு மாமான்னு ஒரு பேரே நான் கேட்டதில்லீங்க்கா. அவரும் உடனே கரண்ட்டு அடிச்ச மாதிரி ஒடம்பைச் சிலிர்த்துக் காட்டறாரு, இவ விழுந்து விழுந்து சிரிக்கறா. இது எப்ப நடந்த பழக்கம்? நான் மாமியாரைப் பாக்கறேன். அவங்க சாதாரணமாச் சொல்றாங்க, ‘தெனமும் சாயங்காலம் எம்பையன் போன்ல ரெண்டு பேருக்கும் இந்தக் கூத்துத்தானே. வெச்சுப் போடறதுக்கு முந்தி அம்மிணி சாப்பிட்டாளா, அம்மிணிக்குத் தலைவலி எப்படி இருக்குதுன்னு கேக்காம வெக்க மாட்டான் உங்கண்ணன்’ங்கறாங்க.

நான் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருங்க. வீட்டுக்காரரைக் கேட்டா, ‘இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது? அவ வேலை டென்சன்ல இருக்கறா, கூப்புட்டாக் கடிக்கறான்னு நாந்தான் மச்சான்கிட்டச் சொன்னேன், எங்கிட்டயே கேட்டுக்குங்கன்னு’ங்கறாரு. நான் சொல்லியாச்சுன்னு சொல்றதுக்கு முந்தியே, அழைக்க எப்ப வருவான்னு அண்ணன் இவருகிட்டக் கேட்டிருக்காரு, வருவா வருவான்னு இவரும் சொல்லியிருக்காரு. கடைசி நாள் வரைக்கும் ஊட்டுல இருந்து பாத்துட்டு, வராட்டி என்ன, மாமன் நாந்தானேன்னு கெளம்பிட்டாருங்க.

அண்ணன் அன்னிக்கு என்னைத் திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். தட்டைத் தட்டிவிட்டுட்டுப் போயிருந்தாக் கூட நாளைக்கு நானும் ரெண்டு பேசலாம். அவரு புள்ளையத் தூக்கிக் கொண்டுபோயி ரத்தினசாமி அண்ணன் மடியிலயே தன் கையால உக்கார வெச்சாருங்க்கா. ‘பயப்படாத சாமி, ஷாக்கு அடிச்சா மாமனுக்குத்தான் அடிக்கும்’னு அவ முன்னால மண்டி போட்டு உக்காந்து, ரெண்டு காதும் குத்தி முடியற வரைக்கும் சேட்டை பண்ணிட்டு இருந்தாரு. புள்ளை அழவே இல்லை. நாந்தான் அழுதேன். எதுக்கு அழுவறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ‘கூடப் பொறந்தவன் மண்ணுல, பெரியப்பன் மகன் பாயில’ன்னு எங்க அத்தை ஒருத்தி காது கேக்கற மாதிரியே சொன்னா.

எலை போட்டாச்சு, அண்ணனைக் காணோம். எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும், வர்றனுங்க மாப்ளன்னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாரு. கூட வந்த சனம் ஒருத்தரும் கை நனைக்கலை. அத்தனை எலையும் சோத்தோட அப்படியே கெடந்துச்சு. எங்கிட்டச் சொல்லிக்கலீங்க்கா. அது இன்னிக்கு வரைக்கும் நெஞ்சுல நிக்குது.

அப்பறம் ஆபீஸ் போறேன், அங்கயும் மானம் போகுது. ஒரு கஸ்டமரோட மிஷின்ல தகவலெல்லாம் தாறுமாறாக் கெடக்குது, ஒருத்தனோடது இன்னொருத்தன் பேஜ்ல வந்து விழுந்திருக்குது. ரொம்ப நாளா ஆருக்கும் புடிபடலை. ஆல்வின்னு எங்க டீமுல ஒரு நாகர்கோயில் பையன் கண்டுபுடிச்சான். அந்த மிஷினுக்கு ஒரு நெட்வொர்க் கார்டை நேராவே குடுத்திருந்தோம். அது பிராசசரு வழியாப் போகாதுங்க, பின்வாசல்ல வந்து நேரா மெமரியில எழுதிட்டுப் போயிரும். அதனால தொட்ட குறி விழாது. அந்த மாதிரி எடத்தை, இதுல கை வெக்கக் கூடாதுன்னு முன்னாடியே கட்டி வெச்சரோணும். ஒரு எடத்துல நான் கட்டாம விட்டுட்டேன். என்ற புரோகிராமு போயிப் பாத்துருக்குது, அழிச்ச குறி விழலை, ஆருக்கும் வேண்டாததுன்னு உருவிக் குடுத்துருச்சு.

‘அக்கா, அந்தப் பேஜ் சும்மா கெடக்கல்லை, வேற வழியா எழுதிட்டேதான் இருக்கு. நீங்க பாக்குற எடத்துல தெரியல, அவ்வளவுதான்’னான். அவன் பேஜைத்தான் சொன்னான். எல்லாரும் உக்காந்திருந்தாங்க. எனக்குக் காதுல அந்த மேளச் சத்தம் கேக்குது. எந்திரிச்சுப் போயிப் பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டேன். ஆபீஸ்ல என்ன நெனைச்சாங்கன்னா, தப்புக் கண்டுபுடிச்சதுக்கு இந்தப் பொம்பளை இப்படி அழுவுறாளேன்னு. பாவம், அந்தப் பையன் சாயங்காலம் வந்து மன்னிப்புக் கேட்டான்.

அதைச் சரி பண்ண ஒரு மத்தியானம் ஆச்சுங்க்கா, அவ்வளவுதான். இங்கதான் எங்க கை வெச்சாச் சரியாகும்னு தெரியலை.

ஆனா ஒண்ணு, நான் திருந்திட்டேன். என்ற தப்பு என்னன்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சு போச்சு. ஒரு வழிய மட்டும் பாத்துட்டு இருந்துட்டேன். இப்ப எல்லா வழியையும் பாக்கறேன். தெனமும் ராத்திரி இவரு போனை வாங்கிப் பாத்துருவேன், மாமியாரு போனையும் பாத்துருவேன். அண்ணன் அடிச்சாரா, எத்தனை நேரம் பேசுனாருன்னு. காதுகுத்துக்கு அப்பறமும் அடிச்சுட்டுத்தான் இருக்காரு. புள்ளைகிட்டக் கேட்டேன், மாமா அம்மாவைப் பத்திக் கேட்டாரான்னு. இல்லைங்குது. மறுநாளும் கேட்டேன், இல்லை. தெனமும் கேக்கறேனுங்க. இப்பெல்லாம் நான் கிட்டப் போனாலே ‘கேக்கலம்மா’ன்னு அதுவாச் சொல்லிருது.

நீங்களும் எங்க வீட்டுக்காரரு மாதிரியே சொல்றீங்க. நானே அடிச்சுப் பேசலாந்தான். நான் அடிச்சா அவரு எடுப்பாரு, ஏன் அம்மிணின்னு கேப்பாரு, அழுதா அவரும் அழுவாரு. ஆனா அதுல எனக்கு என்னங்க்கா தெரியும்? நான் அடிச்சதுக்கு அவரு பேசுனதாத்தானே ஆகும். அதனாலதான் நேர்லயே போறேன், சொல்லாமப் போறேன். வாசல்ல நிக்கறப்ப மொகம் எப்படிப் போகுதுன்னு பாத்தாத் தெரிஞ்சுரும்.

சித்த இருங்க, போன் அடிக்குது.

அண்ணன். இங்க பாருங்க, அண்ணன்னு வருது. அவரேதான் அடிக்கறாரு.

இல்லீங்க்கா, எடுக்கலை. எடுக்கோணும்னுதான் இருக்குது. ஆனா இன்னிக்கு நான் கெளம்புனது எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். இவரு சொல்லியிருப்பாரு, மச்சான், அவ வர்றா, ஒரு போன் போடுங்கன்னு. சொல்லி அடிச்சா அது கணக்குல வராதுங்களே. நின்னு போச்சு. இன்னொரு தரம் அடிச்சா அது அவராத்தான். அப்ப எடுத்துருவேன். நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க.

அடிக்கலீங்க. சத்தியமங்கலமும் தாண்டியாச்சு. மெசேஜ்தான் வந்திருக்குது, அண்ணி அனுப்பியிருக்காங்க. ‘எந்த பஸ்? உங்கண்ணன் காலையில இருந்து கடையச் சாத்திட்டு ஸ்டேண்டுல நிக்கறாரு’ன்னு. பாருங்க்கா, காலையில இருந்து நிக்கறாராம். இவரு எப்பச் சொன்னாரோ தெரியலை. அண்ணியா அனுப்பிச்சு நிக்க வெச்சாங்களோ, அதும் தெரியலை. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எறங்குவேன்? சோறு போட்டு அனுப்பாத எடத்துக்காரி நானு. என்னைக் கூட்டிட்டுப் போக வந்து நிக்கறாரு.

கோபி வந்துருச்சு. அதோ, அந்த டீக்கடைப் பக்கத்துல, நீலச் சட்டை, கையில வண்டிச் சாவிய வெச்சு ஆட்டிட்டு நிக்கறாரு பாருங்க, அவருதான். எளைச்சுட்டாருங்க. பஸ்ஸைப் பாத்துட்டாரு, வர்றாரு. அக்கா, நீங்க எந்திரிக்காதீங்க, உங்க பையை இப்படி ஜன்னலோரம் வெச்சுக்குங்க, நான் மறைஞ்சுக்கறேன். வெக்கமா இருக்குதுங்க. அதுமில்லாம அவரு எத்தனை நேரம் தேடறாருன்னு இங்க இருந்தே பாத்துரலாம். முன்னால இருந்து ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துட்டு வர்றாரு. நம்ம ஜன்னலைத் தாண்டிட்டாரு, தெரியலை அவருக்கு. பின்னால போயிப் பாப்பாரு. பாத்துட்டு, இல்லைன்னு போயிட்டாருன்னா போகட்டும், எனக்கு உள்ளது தெரிஞ்சுரும். சித்த நேரந்தான், கண்டக்டரு எறங்கச் சொல்லற வரைக்கும் உக்காந்துக்கலாம். அக்கா, என்ன பண்றீங்க. ஜன்னலைத் தட்டாதீங்க்கா, அவரு திரும்பிருவாரு.